நெய்வேலி பாஷை

"ஆர்ச் கேட், ஆர்ச் கேட்! நெய்வேலி இறங்கறவங்கல்லாம் முன்னால வாங்க!"

கண்டக்டர் மூன்று தரம் கத்திவிட்டார். என் பக்கத்து ஸீட்டுப் பெண் அசையவே இல்லை. விக்கிரவாண்டியில் ஏறினபோதே, "ஆன்ட்டி, நெய்வேலி வந்தா சொல்றீங்களா?" என்று கேட்டுவிட்டு, இரண்டு காதிலும் குமிழை அடைத்துக்கொண்டு கண்ணை மூடினவள்தான். தோளைத் தொட்டு உலுக்கினேன். திடுக்கிட்டு விழித்து, பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். கீழே இறங்கினதும் ஜன்னலைப் பார்த்துக் கையை ஆட்டி ஒரு சிரிப்பு சிரித்தாள் பாருங்கள், அத்தனை அழகு! அவ்வளவு தூரம் தோளோடு தோள் உரச உட்கார்ந்து வந்த நாங்கள் இருவரும் உருப்படியாகப் பேசிக்கொண்டது அந்தக் கையாட்டல் ஒன்றுதான்.

நான் இறங்கவேண்டியது அடுத்த ஸ்டாப், வடலூர். என் அக்கா இப்போது அங்கேதான் இருக்கிறாள். ஆனால் அக்கா என்றாலே எனக்கு நெய்வேலிதான் ஞாபகம் வரும். 1979ல் அவள் வாழ்க்கைப்பட்டுப் போனது நெய்வேலி டவுன்ஷிப்புக்கு. முப்பது வருஷத்துக்கு மேல் குடித்தனம் நடத்தியதும் அங்கேதான். அக்கா வீட்டுக்காரர் (நான் 'மாமா' என்று கூப்பிடுவேன்) ரிட்டயர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, வடலூர்ப் பக்கம் சின்னதாக ஒரு வீடு கட்டிக்கொண்டார்கள்.

நாலு நாள் தங்கலாம், பழைய இடங்களை ஒரு தரம் சுற்றிப் பார்க்கலாம் என்றுதான் கிளம்பினேன். சுற்றிப் பார்த்ததும் உண்டு. ஆனால் திரும்பி வரும்போது மனசில் நின்றது வேறு ஒரு விஷயம். அதைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்ளப் போகிறேன்.

வெள்ளம் வந்தது!

அக்கா புதுப் பெண்ணாக நெய்வேலிக்குப் போனபோது, கூடத் துணைக்குப் போனவள் நான். பட்டணத்துச் சந்துகளையே பார்த்த கண்ணுக்கு அந்த ஊர் அதிசயமாக இருந்தது. கோடு போட்ட மாதிரி நேர் நேரான ரோடுகள். இரண்டு பக்கமும் மரங்கள். வீட்டுக்கு வீடு தோட்டம். தெருப் பெயரைச் சொல்லி யாரும் விலாசம் கேட்கமாட்டார்கள். "எத்தனாம் வட்டம்?" என்பதுதான் முதல் கேள்வி. நம்பரைச் சொன்னால் போதும், கண்ணைக் கட்டிவிட்டாலும் வீட்டு வாசலில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள்.

அக்கா வீட்டுக்கு இடது பக்கம் ஒரு மலையாளக் குடும்பம். வலது பக்கம் தெலுங்கர்கள். எதிரே வடக்கத்திக்காரர்கள். பின் வரிசையில் திருநெல்வேலி, கோயமுத்தூர், வட ஆற்காடு என்று நம் ஜில்லாக்கள் எல்லாம் ஒன்று கூடியிருந்தன. தமிழிலேயே எத்தனை தமிழ் இருக்கிறது என்பதை நான் தெரிந்துகொண்டது அங்கேதான்!

போன மூணாம் நாள் விடியற்காலை. பக்கத்து வீட்டுச் சேச்சி வேலியோரம் நின்று, "வெள்ளம் வந்நூ! வெள்ளம் வந்நூ!" என்று குரல் கொடுத்தாள். அக்காவுக்குக் கைகால் ஓடவில்லை. கல்யாணச் சீர் அரிசி மூட்டையை நானும் அவளுமாக இழுத்துக் கட்டில்மேல் ஏற்றினோம். புதுப் புடவைகளைப் பரண்மேல் போட்டோம். மாமா தூக்கக் கலக்கத்தோடு எழுந்துவந்து, "என்ன நடக்குது இங்கே?" என்றார். விஷயம் இதுதான்: குழாயில் தண்ணீர் வந்துவிட்டது, குடத்தை எடுத்து வா என்று சேச்சி பரிவோடு கூப்பிட்டிருக்கிறாள். மலையாளத்தில் வெள்ளம் என்றால் சாதாரணத் தண்ணீர்தானே!

வலது பக்கத்துக் கதை இன்னும் வேடிக்கை. உறை மோர் வாங்கப் போன அக்கா, கேட்பதற்குக் கூச்சப்பட்டு வாசலிலேயே தயங்கி நின்றாள். அந்த அம்மாள் சிரித்த முகத்தோடு, "செப்பண்டி" என்றாள். 'சொல்லுங்கள்' என்று அர்த்தம். அக்கா ரொம்ப மரியாதையாக, "செப்பு அண்டா எங்ககிட்ட இல்லீங்க, பித்தளைதான் இருக்கு. வேணுமா?" என்று கேட்டுவிட்டு வந்தாள்.

ஒரே வருஷம்தான். அக்கா மலையாளத்தில் சண்டை போடவும், தெலுங்கில் சமாதானம் பேசவும் கற்றுக்கொண்டுவிட்டாள். இலக்கணம் சுத்த சூனியம். ஆனாலும் வேலியோரம் நின்று, முகத்தைப் பார்த்து, கையையும் சேர்த்துக்கொண்டு பேசினால், பாஷை தெரியாவிட்டாலும் விஷயம் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

பூமிக்குள் ஒரு வெள்ளம்

சேச்சி சொன்ன வெள்ளம் பொய்யானாலும், நெய்வேலி பூமிக்கு அடியில் நிஜமாகவே ஒரு வெள்ளம் இருக்கிறது. அந்த ஊர் பிறந்த கதையே தண்ணீரில்தான் ஆரம்பம். 1935ல் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் தண்ணீருக்காகத் தோண்டியபோது, கூடவே கறுப்பாக ஏதோ வெளிவந்தது. அதுதான் பழுப்பு நிலக்கரி. பின்னால் அவர் 620 ஏக்கர் நிலத்தையும் இந்தக் காரியத்துக்காகக் கொடுத்தார். 1956ல் நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் ஏற்பட்டது. 1957 மே மாதம் நேருஜி சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். 1961ல் கரி கண்ணுக்குத் தெரிந்தது. 1962ல் முதல் அனல் மின் நிலையம் மின்சாரம் கொடுக்க ஆரம்பித்தது. அந்த மின் நிலையம் ருஷ்யர்களின் உதவியோடு எழுந்தது. மண்ணை அள்ளும் ராட்சசச் சக்கரங்கள் ஜெர்மனியிலிருந்து வந்தவை. யோசித்துப் பாருங்கள்! ருஷ்யன், ஜெர்மன், இங்கிலீஷ், நம்ம தென்னாற்காட்டுத் தமிழ், நாலும் சேர்ந்துதான் நம் வீட்டில் பல்பை எரிய வைத்திருக்கின்றன.

கரிக்குக் கீழே ஊற்று நீர் அழுத்தத்தோடு காத்திருக்கிறது. இரவு பகலாக இறைத்து அந்த அழுத்தத்தைக் குறைக்காவிட்டால், மேலே மண்ணை அள்ள அள்ள அது பொத்துக்கொண்டு கிளம்பிவிடுமாம். 'மனசுக்குள்ளேயே அடக்கி வெச்சா ஒரு நாள் பொத்துக்கிட்டு வந்துடும்' என்று நாம் சொல்கிறோமே, அந்தக் கணக்குதான்.

அக்காவின் முதல் சமையலறை எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. நெய்வேலிக் கரியைக் கட்டியாகச் செய்து 'லெகோ' என்ற பெயரில் விற்பார்கள். பழைய சகோதரிகளுக்கு நினைவிருக்கும். விறகு மாதிரி புகையாமல், கங்கு கனிந்து நின்று எரியும். அந்த அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு ஆணி. ஆணியில் ஒரு சிலேட்டு. அதுதான் அந்த வீட்டுத் தபாலாபீஸ்!

சிலேட்டுக் குடித்தனம்

ஷிப்ட் வேலைக்காரர் வீட்டில் வாழ்ந்தவர்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் புரியும். ஒரு வாரம் காலை 6 மணிக்கு, ஒரு வாரம் மதியம் 2 மணிக்கு, ஒரு வாரம் ராத்திரி 10 மணிக்கு. அவர் தூங்கும்போது வீடு விழித்திருக்கும். வீடு தூங்கும்போது அவர் விழித்திருப்பார். பிற்பாடு அக்காவும் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் வேலைக்குப் போக ஆரம்பித்ததும், சில வாரங்களில் புருஷனும் பெண்டாட்டியும் ஒருத்தரை ஒருத்தர் முழித்த கண்ணோடு பார்ப்பதே அபூர்வம்.

அதற்குத்தான் சிலேட்டு. 'பையனுக்கு ஜுரம். மாத்திரை கொடுத்தாச்சு.' 'ரசம் மூடி வெச்சிருக்கேன், சூடு பண்ணிக்கங்க.' 'சம்பளம் அரிசி டப்பாவுல.' ஒரு நாள் நான் பார்த்தபோது மாமாவின் கோணல் எழுத்தில் ஒரே ஒரு வரி: 'இன்னிக்கு நம்ம கல்யாண நாள். நான் மறக்கலை.' அக்கா அதை இரண்டு நாள் அழிக்கவே இல்லை. புதுச் செய்தியெல்லாம் காலண்டர் தாளில்தான் எழுதினாள்!

நேரம் இல்லாதபோது இத்தனை பேச்சு இருந்த வீடு அது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நேரம் இருக்கிறது, பேச்சு இல்லை

இந்தத் தடவை வடலூர் வீட்டுக்குள் நுழைந்ததுமே ஏதோ வித்தியாசமாகப் பட்டது. கூடத்தில் டி.வி. தெருவுக்கே கேட்கிற மாதிரி அலறுகிறது. மாமா அதற்கு முன்னால் தனியாக உட்கார்ந்திருக்கிறார். அக்கா சமையலறையில். சாப்பாடு தயார் என்றால் அக்கா கூப்பிடுவதில்லை. ஃபோனில் ஒரு மெசேஜ் அனுப்புகிறாள். பத்தடி தூரத்துக்கு! மாமா அதைப் பார்த்துவிட்டு எழுந்து வருகிறார். சிலேட்டுக்குப் பதில் ஃபோன் வந்துவிட்டது என்று சிரிக்கலாம் போலிருந்தது. ஆனால் சிரிப்பு வரவில்லை.

"பால்காரன் வந்துட்டானா?" என்று அக்கா உள்ளேயிருந்து கேட்டாள்.

"கால் வலி இப்ப தேவலை" என்றார் மாமா.

"பாத்தியாடி? இப்படித்தான். நான் பேசறதைக் காதுலயே வாங்கறதில்லை. ரிட்டயர் ஆனப்புறம் ஊர் ஊராப் போகலாம், பேசிக்கிட்டே இருக்கலாம்னு நெனச்சேன். எதுக்கு எடுத்தாலும் கத்தறாரு. இல்லேன்னா வாயையே திறக்கறதில்லை. முப்பது வருஷம் ஷிப்ட்டுக்குக் கொடுத்தேன். இப்போ டி.வி.க்குக் கொடுத்துட்டேன்."

ராத்திரி பெங்களூரிலிருந்து பேத்தி வீடியோவில் வந்தாள். ஏழு வயசு, கீச்சுக் குரல், மூச்சுவிடாமல் பேசுகிறாள். மாமா "ஆமாம்மா, ஆமாம்மா" என்று தலையாட்டிக்கொண்டே இருந்தார். "தாத்தா, நான் ஸ்கூல்ல விழுந்துட்டேன்" என்று குழந்தை சொன்னதற்கும், சிரித்த முகமாக, "ஆமாம்மா, ரொம்ப சந்தோஷம்!" குழந்தையின் முகம் சுண்டிப்போயிற்று. "தாத்தாவுக்கு என்கூடப் பேசப் பிடிக்கலை" என்று அம்மாவிடம் சொன்னது எங்களுக்குக் கேட்டது. மாமாவுக்குக் கேட்கவில்லை.

சாமிக்கு ஒரு மனு

மறுநாள் மூவருமாக டவுன்ஷிப்பைப் பார்க்கக் கிளம்பினோம். அக்காவின் பழைய குவார்ட்டர்ஸ் வாசலில் ஆட்டோவை நிறுத்தச் சொன்னோம். வேறு யாரோ குடியிருக்கிறார்கள். சேச்சி நட்ட முருங்கை மட்டும் இருக்கிறது. ரிட்டயர் ஆன ஒவ்வொருவரும் ஒவ்வொரு ஊருக்குப் போய்விட்டார்கள். "மூணு பாஷை பேசக் கத்துக்கிட்டேன். இப்ப மூணுலயும் பேச ஆள் இல்லை" என்றாள் அக்கா.

ரோடு ஓரத்தில் ஒரு பாட்டி முந்திரிக்கொட்டை விற்றுக்கொண்டிருந்தாள். "எந்த ஊர் பாட்டி?" என்று பேச்சுக்குக் கேட்டேன். சுரங்கம் இருக்கிற திசையைக் கையால் காட்டினாள். "அதோ, அந்தக் குழிக்குள்ள போயிடுச்சு எங்க ஊரு." காகிதத்தில் அதற்குக் 'கையகப்படுத்திய நிலம்' என்று பெயர், இத்தனை ஏக்கர், இவ்வளவு இழப்பீடு. பாட்டி சொல்கிற பெயர்கள் வேறு: கிணத்தடிக் கொல்லை, பெரியாயி மேடு, மாமரத்துக் களம். இரண்டும் ஒரே மண்தான். ஆனால் ஒரு பாஷையை இன்னொரு பாஷைக்குப் பெயர்க்க ஆள் கிடையாது. 2023 ஜூலையில் வளையமாதேவிப் பக்கம் கால்வாய் வேலைக்காக, பயிர் நின்ற வயலில் இயந்திரங்கள் இறங்கியபோது எழுந்த அழுகையை நீங்களும் டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். நம் வீட்டு விளக்கு எரிகிற கணக்கில் அந்தப் பாட்டியின் கொல்லையும் சேர்ந்திருக்கிறது. முந்திரி அரைக் கிலோ வாங்கினோம். பேரம் பேச மனம் வரவில்லை.

பிறகு நடராஜர் கோயில். நெய்வேலிக்குப் போகிறவர்கள் தவறாமல் பார்க்கவேண்டிய இடம். பஞ்சலோகத்தில் அத்தனை பெரிய நடராஜரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. இந்தக் கோயிலில் ஒரு விசேஷம் உண்டு. மனுநீதி முறைப்பெட்டி என்று ஒரு பெட்டி, பக்கத்தில் ஆராய்ச்சி மணி. நம் குறை என்னவோ அதைக் காகிதத்தில் எழுதிப் பெட்டியில் போட்டுவிட்டு, மணியை அடித்துவிட்டு வரலாம். மனுவைச் சாமி முன்னால் படித்துவிடுவார்கள் என்று நம்பிக்கை. வாயால் சொல்ல முடியாததை எழுத்தால் சொல்ல ஒரு வழி!

அக்காவும் எழுதினாள். மணியை அடித்துவிட்டு வந்தவளிடம், "பையனுக்கு ப்ரமோஷனா?" என்று கிண்டலாகக் கேட்டேன்.

"இல்லைடி. பேச்சுத் துணைக்கு ஆள் இல்லைன்னு எழுதினேன்."

பத்தடி தள்ளி மாமா செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார்.

கையால் ஒரு அரட்டை

கடைத்தெருவில் காய் வாங்கிக்கொண்டிருந்தோம். பஸ்களும் மோட்டார் சைக்கிள்களும் ஒரே இரைச்சல். திடீரென்று ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒருத்தர் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினார். மாமாவின் பழைய சிநேகிதராம். மாமா முகத்தில் ஒரு வெளிச்சம்! இவரும் கையைத் தூக்கினார். அப்புறம் நடந்ததைப் பார்க்கவேண்டுமே! அவர் விரலால் வட்டம் போடுகிறார். இவர் உள்ளங்கையைக் கவிழ்த்துக் காட்டுகிறார். அவர் வயிற்றைத் தொட்டு இரண்டு விரலை நீட்டுகிறார். இவர் வாய்விட்டுச் சிரிக்கிறார். ஐந்து நிமிஷம் நடந்தது அந்த அரட்டை. ஒரு வார்த்தை கிடையாது.

"என்ன மாமா சொல்றார்?"

"பொண்ணுக்கு ரெட்டைக் குழந்தை பிறந்திருக்காம்! நாளைக்கு வீட்டுக்கு வரச் சொல்றான்."

"அது எப்படி?"

மாமா என் முகத்தைப் பார்த்துக்கொண்டே தெளிவாகப் பதில் சொன்னார். "மெஷின் பக்கத்துல நிக்கறப்ப வாய்ப்பேச்சு எடுபடாதும்மா. கைதான் பாஷை. 'நிறுத்து', 'போகலாம்', 'டீ சாப்பிடலாமா', 'மேலதிகாரி வர்றாரு', எல்லாத்துக்கும் ஒரு கை உண்டு."

எனக்குப் பளிச்சென்று உறைத்தது. இந்த இரைச்சலிலும் நான் கேட்டதற்கு மாமா சரியாகப் பதில் சொல்கிறார். ஏனென்றால் நான் எதிரே நின்று கேட்டேன். அக்கா சமையலறையிலிருந்து, முதுகைக் காட்டிக்கொண்டு கேட்டால்தான் பால் காலாகிறது. எழுதின மெசேஜுக்கு உடனே பதில் போடுகிறவர், பெண் குரலில் பேசி அனுப்புகிற செய்திக்கு மட்டும் பதிலே போடுவதில்லை. அவளும் அதற்காக வருத்தப்பட்டுக்கொண்டிருக்கிறாள். மனிதருக்குப் பேச இஷ்டம் இல்லாமல் இல்லை. கேட்கவில்லை!

"எனக்கா? நல்லாத்தான் கேக்குது. நீங்கள்லாம்தான் இப்பல்லாம் முணுமுணுக்கறீங்க" என்று மாமா முதலில் கோபித்துக்கொண்டார். பேத்தி சொன்னதை ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டினேன். ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலையில் அவரே சட்டையை மாட்டிக்கொண்டு நின்றார்.

டாக்டரம்மா சொன்னது

கடலூரில் ஒரு காது டாக்டரம்மாவிடம் போனோம். கண்ணாடி அறையில் உட்காரவைத்து, காதில் விதவிதமான ஒலிகளைக் கொடுத்து ஒரு கோடு போட்டார்கள். இடது பக்கம் ஓரளவு நேராக இருந்த கோடு, வலது பக்கம் சறுக்கு மரம் மாதிரி இறங்கியிருந்தது. டாக்டரம்மா அதற்கு அர்த்தம் சொன்னார்கள்.

தாழ்ந்த சுரங்கள் காதில் விழுகின்றன. உச்ச சுரங்கள் விழவில்லை. நம் பேச்சில் அ, ஆ, உ போன்ற உயிரோசைகள் தாழ்ந்த பக்கம். க, ச, த, ப போன்ற மெய்களின் கூர்மை எல்லாம் மேல் பக்கம். அதனால் 'தட்டு', 'கட்டு', 'பட்டு' மூன்றும் அவருக்கு ஒரே '...ட்டு'தான்! சத்தம் கேட்கும், சொல் புரியாது. பெண்கள் குரலும் குழந்தைகள் குரலும் இன்னும் கஷ்டம். "கத்தினா போதும்னு எல்லாரும் நினைக்கறாங்க. கத்தினா உயிரெழுத்துதான் பெரிசாகும், மெய்யெழுத்து தெளிவாகாது" என்றார்கள். அவர் ஏன் கத்துகிறார் என்பதற்கும் விடை கிடைத்தது. அவர் குரலே அவருக்குச் சரியாகக் கேட்கவில்லை. கோபம் என்று அக்கா நினைத்ததில் பாதி கோபமே இல்லை!

எதனால் வந்தது? மாமாவுக்கு வயசு 73. அது ஒன்று. நெய்வேலிக்கு வருமுன் இளம் வயதில் ஒரு பட்டறையில் ஏழு வருஷம் சம்மட்டிச் சத்தத்தில் வேலை பார்த்திருக்கிறார். பிறகும் இயந்திரங்களோடுதான் வாழ்க்கை. "காதுல வெச்சுக்க அடைப்பான் எல்லாம் கொடுத்தாங்க. நான்தான் கழுத்துல மாலையா மாட்டிக்கிட்டுத் திரிஞ்சேன்" என்று அவரே ஒப்புக்கொண்டார்.

டாக்டரம்மா சொன்ன கணக்கை எல்லோரும் தெரிந்துகொள்வது நல்லது. 85 டெசிபலுக்கு மேற்பட்ட சத்தத்தில் தினம் 8 மணி நேரம், வருஷக்கணக்காக இருந்தால் காது கெடும். அதற்குமேல் 3 டெசிபல் கூடக் கூட, தாங்கும் நேரம் பாதிப் பாதியாகக் குறையும். உள்காதில் ஒலியை வாங்கும் மயிரிழைச் செல்கள் செத்துப்போனால் மறுபடி முளைக்காது. சட்டத்திலேயே இரைச்சலால் வரும் செவிட்டுத்தன்மை தொழில்நோயாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. சுரங்கம் என்றில்லை, தறி ஓடுகிற வீடு, மாவு மில், மேளம் வாசிக்கிறவர் எல்லோருக்கும் இது பொருந்தும். பஸ்ஸில் பார்த்தேனே, காதில் குமிழை அடைத்துக்கொண்ட அந்தப் பெண்ணுக்கும்தான்!

காது கேட்காதது காதோடு நிற்பதில்லை. மனிதர் பேச்சிலிருந்து ஒதுங்குகிறார், தனியாகிறார், மூளைக்கும் வேலை குறைகிறது. முதுமையில் மறதி நோய் வருவதைத் தள்ளிப்போடவோ தடுக்கவோ உதவக்கூடிய 12 விஷயங்களை 2020ல் 'லான்செட்' மருத்துவப் பத்திரிகையின் நிபுணர் குழு வரிசைப்படுத்தியது. அதில் காது கேட்காமையைக் கவனிப்பதும் ஒன்று. 'வயசானா அப்படித்தான்' என்று விட்டுவிடலாகாது.

வீட்டுக்கு ஐந்து வழிகள்

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால், டாக்டரம்மா அக்காவுக்குச் சொன்னதை நீங்களும் குறித்துக்கொள்ளுங்கள்:

1. எதிரே வந்து, முகம் தெரிய, வெளிச்சத்தில் நின்று பேசுங்கள். அடுத்த அறையிலிருந்து பேசாதீர்கள்.

2. முதலில் பெயரைச் சொல்லியோ தோளைத் தொட்டோ கவனத்தைத் திருப்புங்கள். பிறகு விஷயம்.

3. கத்தவேண்டாம். நிதானமாக, வார்த்தையை விழுங்காமல் சொல்லுங்கள்.

4. டி.வி., மிக்ஸி, ஃபேன் சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பேசுங்கள்.

5. புரியவில்லை என்றால் அதையே திருப்பித் திருப்பிச் சொல்லாமல் வேறு வார்த்தையில் சொல்லுங்கள். 'ஒண்ணுமில்லை, விடுங்க' என்று மட்டும் சொல்லவே கூடாது. கேட்காதவர் மனசை அதைப்போல் சுடுவது வேறில்லை.

அக்கா கற்ற நாலாவது பாஷை

காது மெஷின் வாங்கியாயிற்று. ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிட்டது என்று கதை விடமாட்டேன். கடுகு தாளிக்கிற சத்தம் வெடி மாதிரி இருக்கிறது என்று மாமா முதல் நாளே கழற்றி வைத்துவிட்டார். பழகப் பழகத்தான் வரும், தினம் கொஞ்சம் கொஞ்சமாக நேரத்தைக் கூட்டவேண்டும் என்று டாக்டரம்மா முன்னமேயே சொல்லியிருந்தார்கள். அக்காவுக்கும் பழைய பழக்கம் லேசில் போகவில்லை. சமையலறையிலிருந்து, "ஏங்க..." என்று ஆரம்பித்துவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு, கரண்டியும் கையுமாகக் கூடத்துக்கு வந்து நிற்கிறாள்.

கிளம்புகிற அன்று காலை பரணில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள். பழைய சிலேட்டு! ஒரு மூலை உடைந்திருந்தது. துடைத்து, சமையலறைச் சுவரில் பழையபடி மாட்டினாள். "மெஷினைக் கழட்டி வெச்சிருக்கறப்ப இது இருக்கட்டும்" என்றாள். மாமா வந்து பார்த்தார். சாக்பீஸை வாங்கினார். என்ன எழுதினார் என்று நான் எட்டிப் பார்க்கவில்லை. அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இத்தனை வருஷம் திட்டித் தீர்த்தேனே இந்த மனுஷனை" என்றாள்.

வடலூரில் வள்ளலார் 1867ல் மூட்டிய தருமச்சாலை அடுப்பு இன்றைக்கும் அணையாமல் எரிகிறது. நாள் தவறாமல் யாராவது ஒருவர் விறகைத் தள்ளிக்கொண்டே இருந்ததால்தானே அது எரிகிறது! போகும் வழியில் அங்கே கும்பிட்டுவிட்டு பஸ் ஏறினேன்.

ஏ.ஸி. பஸ். ஜன்னலைத் திறக்க முடியாது. வெளியே அக்கா ஏதோ சொல்கிறாள், ஒன்றும் கேட்கவில்லை. காதைத் தொட்டுக் கையை விரித்தேன். மாமா அவள் பக்கம் திரும்பி ஏதோ காட்டிக்கொடுத்தார். அக்கா கூச்சத்தோடு இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினாள். ஒரு கையைக் கவிழ்த்தாள், விரலால் ஒரு வட்டம் போட்டாள், நெஞ்சைத் தொட்டாள். மாமா பக்கத்தில் நின்று, 'சரி, சரி' என்று தலையாட்டினார்.

'பத்திரமாப் போ. போனதும் சொல்லு. மனசு நல்லா இருக்கு.'

மெனக்கெட்டு எனக்கு யாரும் அந்தப் பாஷையைக் கற்றுத்தரவில்லை. ஆனாலும் புரிந்தது.